இருபத்தெட்டுக்குள் இருந்த ஏழு

மடியில் முறம், முறத்தில் மொச்சைக்காய். இதை உரித்து முடிப்பதற்குள் வடிவம்மா கதையைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்குக் கணக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாமல் போகாது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். குரு வடிவம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சீடர் நல்லமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. லாரி எடைமேடையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார்.

மடத்தில் இரண்டு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் எல்லோருக்கும் சரிபங்கு. கண்ணளவு கிடையாது, புள்ளி போட்டுக் காட்டும் தராசில் எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தொடங்கிய வேலையை முடிக்காமல் இலையில் உட்காரக் கூடாது. ஒருவர் உட்காராவிட்டால் மற்றவர்களுக்கும் சோறு கிடையாது.

ஒருநாள் யாரோ ஒரு கிலோ கற்கண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். மடத்தில் ஏழு பேர். நல்லமுத்து கரித்துண்டை எடுத்து, சாமான் அறைச் சுவரில் ஒன்றை ஏழால் வகுக்க ஆரம்பித்தார். புள்ளி ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. அப்புறம் மறுபடி ஒன்று, நாலு. சுவர் தீர்ந்து கணக்கு கதவு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

சமையல் பார்க்கிற பரிபூரணம் கரண்டியோடு வந்தாள்.

"அண்ணாச்சி, தராசு மூணு இடத்தோட விட்டுடுது. நீங்களும் விடுங்களேன்."

"தராசு விடும். நான் விடமாட்டேன். மிச்சம் இருக்குல்ல."

"எங்க வயித்துலதான் ஒண்ணும் மிச்சமில்ல."

வடிவம்மா வந்து சுவரைப் பார்த்தார்.

"எத்தனையில ஆரம்பிச்சீங்க அண்ணே?"

"ஒண்ணுல அம்மா."

"ஆறு தடவை வகுத்ததும் மிச்சம் எவ்வளவு?"

நல்லமுத்து சுவரோரமாகப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தார்.

"ஒண்ணு."

"அப்ப கிளம்பின வாசலுக்கே வந்து நிக்கிறீங்க. மிச்சம் வந்தா பக்கத்துல என்ன போடுறீங்க?"

"சைபர்."

"சைபர் போட்டா?"

"பத்து மடங்கு ஆயிடும்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் பத்தைத்தான் தூது அனுப்புறீங்க. பத்தை உடைச்சா யாரு இருக்கா?"

"ரெண்டும் அஞ்சும்."

"வேற யாராச்சும்?"

"இல்லம்மா."

"ஒண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஏழு, ரெண்டையும் அஞ்சையும் எத்தனை தடவை பார்த்தாலும் சமாதானமாகுமா?"

நல்லமுத்துவின் கையிலிருந்து கரித்துண்டு கீழே விழுந்தது. வடிவம்மா கற்கண்டை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பாயசத்தில் கொட்டினார்.

"இனி இது தானா ஏழு பேருக்கும் போயிடும். வாங்க, சாப்பிடலாம்."

அன்றிலிருந்து நல்லமுத்துவைப் பிடிக்க முடியவில்லை. கதவில் இரண்டு வரிசை எழுதி வைத்தார். வகுத்தால் முடியும் என்று ஒரு வரிசை: நாலு, ஐந்து, எட்டு, இருபது, இருபத்தைந்து, நாற்பது. முடியாது என்று ஒரு வரிசை: மூன்று, ஆறு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மனசுக்குள் உடைத்துப் பார்ப்பார். இரண்டும் ஐந்தும் மட்டும் இருந்தால் முடியும். வேறு எது தலைகாட்டினாலும் முடியாது.

"என் அடுப்புல மூணு கல்லு இருக்கு அண்ணாச்சி," என்றாள் பரிபூரணம். "சோறு முடியாதுன்னு எழுதிடாதீங்க."

ஆடி மாதம் மலைக்கு நடந்து போகிறவர்கள் வந்தார்கள். இருபத்தெட்டு பேர். மலைமேல் இரண்டு நாளைக்குக் கடை கிடையாது. அதனால் மடத்து அவல் கையில் இல்லாமல் யாரையும் மேலே விடுவதில்லை. அறையில் இருபத்தொரு பை அவல் இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

நல்லமுத்து யோசித்தார். இருபத்தெட்டை உடைத்தால் இரண்டு, இரண்டு, ஏழு.

"முடியாது," என்றார். "இருபத்தஞ்சு பேர்னா முடியும். கடைசியில நிக்கிற மூணு பேரும் மன்னிக்கணும், வீட்டுக்குத் திரும்பிடுங்க."

கடைசியில் நின்றது மாரிக்கனி, அவள் மாமியார், மாமனார். மூன்று நாளாக நடந்து வந்தவர்கள். மாரிக்கனிக்குப் பாதம் வீங்கியிருந்தது. பிள்ளை பிறந்தால் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவள். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மாமியார் பேசினார்.

"நாங்க மூணு பேருதான் உங்க கணக்குக்கு இடிக்கிறோமா?"

"நீங்க இல்லம்மா. இருபத்தெட்டுக்குள்ள ஒரு ஏழு இருக்கு. அதுதான் முடிய விடாது."

"அது யாருன்னு காட்டுங்க. நானே பேசிக்கிடுறேன்."

"குருவம்மா சொல்லித் தந்த கணக்கு இது."

குரு பெயரைச் சொன்ன பிறகு யார் என்ன சொல்வார்கள்? மூன்று பேரும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தார்கள். மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே நல்லமுத்து இருபத்தொன்றை இருபத்தைந்தால் வகுத்தார். புள்ளி எட்டு நாலு. சுத்தமாக முடிந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

வடிவம்மா மரத்தடியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "நாலு நாலு பேரா வரிசையில உட்காருங்க," என்றார்.

ஆறு வரிசை நிறைந்தது. ஏழாவது வரிசையில் ஒரே ஒரு ஆள், மீசைக்காரர் ஒருவர், தனியாக உட்கார்ந்திருந்தார். வடிவம்மா ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மூன்று அவல் பை வைத்துக்கொண்டே வந்தார். மீசைக்காரர் முன்னாலும் மூன்று பை. அதோடு பை தீர்ந்துவிட்டது.

"மூணு கிலோவும் அவருக்கு மட்டுமா?" என்றது முதல் வரிசை.

"மலை இறங்குறப்ப உருட்டித்தான் விடணும்," என்றாள் பரிபூரணம். எல்லோரும் சிரித்தார்கள். மீசைக்காரரும் சிரித்தார்.

வடிவம்மா அவர் பக்கத்தில் காலியாக இருந்த மூன்று இடத்தைக் காட்டினார்.

"அண்ணே, இங்க உட்கார வேண்டியவங்க எங்க?"

நல்லமுத்து வாசலுக்கு ஓடினார். மாரிக்கனியை நடக்கவிடாமல் மாமியாரும் மாமனாரும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். இப்போது ஏழு வரிசை. வரிசைக்கு நாலு பேர், மூன்று பை.

"நாலு பேருக்கு மூணு கிலோ," என்றார் நல்லமுத்து மெதுவாக. "நாலை உடைச்சா ரெண்டு, ரெண்டு. முடியும்மா. புள்ளி ஏழு அஞ்சு."

தராசில் வைத்தார். எண் ஆடாமல் அப்படியே நின்றது. இருபத்தெட்டு பேருக்கும் எடைபோட்டுக் கொடுத்தார். ஒரு அவல்கூட மிச்சமில்லை.

எல்லாம் முடிந்தபின் வடிவம்மாவிடம் வந்தார்.

"ஏழு எங்கம்மா போச்சு?"

"இருபத்தெட்டுக்கு மேலே இருந்த இருபத்தொண்ணுலயும் ஒரு ஏழு இருந்துச்சு அண்ணே. ரெண்டும் கை கோத்துக்கிட்டு மலையேறப் போயிடுச்சு."

நல்லமுத்து ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கதவிடம் போனார். முடியாது என்று எழுதிய வரிசையில் துணியை வைத்தார்.

"அழிக்காதீங்க," என்றார் வடிவம்மா.

"தப்பா எழுதிட்டேனே அம்மா."

"தப்பில்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க."

நல்லமுத்து துணியை வைத்துவிட்டு, வாசலில் எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்த மாரிக்கனியிடம் போய், அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் மண்டபம் வரைக்கும் நானும் வாரேன் தாயி என்று சொல்லி, அந்த மாமியாரிடம் மட்டும் கொஞ்சம் தலையைச் சொறிந்தபடி... இருங்கள், உள்ளே கூப்பிடுகிறார்கள். இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளை முழிச்சிட்டானா, மொச்சை இன்னும் ஒரு கை அளவுதான்