நெறைஞ்சிருக்கு

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரிடம் சீடராகப் போய்ச் சேர்ந்த பிரமநாயகமோ பேரன் பேத்தி எடுத்தவர். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிரமநாயகம் கண்டுகொள்ளவில்லை.

தாயில்லாப் பிள்ளையாக ஹாஸ்டலில் வளர்ந்தவர் அவர். அங்கிருந்து நேராக ரயில்வே வேலைக்குப் போனார். வேலை முழுக்க வடக்கே. கல்யாணம் ஆன பிறகும் குடும்பம் ஊரிலேயே இருந்தது. லீவுக்கு வருவார், விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவார், மறுபடி ரயில் ஏறிவிடுவார். ரிட்டயர் ஆகி ஊரோடு வந்து சேர்ந்தபோது சொந்த வீட்டில் டம்ளர் எங்கே இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஆனால் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் கேள்வியாக்கிக்கொண்டு ஒரு நாள் காலையில் மடத்துக்கு வந்தார்.

பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. சாமி சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுக் கட்டி, கல்தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தோல் சீவினால் பொழுது போய்விடும், இதுதான் வழி. பிரமநாயகம் எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, நிறைவுன்னா என்ன?"

"எதுக்குக் கேக்குதிய?"

"வாழ்க்கைய வெளியூர்லயே கழிச்சிட்டேன். கூட இருந்து பிள்ளைகள வளக்கல. ஆனா வீட்ட நிறைவா வச்சிருந்தேன். அது போதும்லா?"

"நிறைவா இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"என் வீட்டுக்காரி உலகம்மாதான். எப்ப போன் போட்டுக் கேட்டாலும், அரிசி நெறைஞ்சிருக்கு, எண்ணெ நெறைஞ்சிருக்கும்பா. இல்லங்கிற சொல்ல அவ வாயில நான் கேட்டதே கிடையாது."

சாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்படிச் சொன்னா நீங்க என்ன சொல்லுவிய?"

"சந்தோசம்னு சொல்லிப் போன வச்சிருவேன்."

சாமி மறுபடி சாக்கைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இந்த வருசம் ஒங்க வீட்டுப் பொங்கல நீங்க வைங்க."

"நானா?"

"நீங்கதான். சாமான் வாங்குறதுலேந்து பானைய இறக்குறது வரைக்கும். வீட்டம்மாவ அடுப்படிப் பக்கம் விடாதிய. எல்லாம் முடிஞ்சதும் வந்து இதே கேள்வியக் கேளுங்க."

பிரமநாயகத்துக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். வடக்கே தங்கியிருந்த அறையில் சப்பாத்திகூடச் சுட்டிருக்கிறார், அது வேறு விஷயம், அதைத் தின்றவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் சாமி சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் செண்பகமும் மாப்பிள்ளையும் மகனும் மருமகளும் பிள்ளைகளும் வரப்போகிற பண்டிகை. அதை இந்த மனுஷன் கையில் கொடுக்க வேண்டும் என்றால் யாருக்கும் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கும்.

"சரி, வைங்க," என்றாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் கேட்டார். "என்னென்ன வாங்கணும், சொல்லு."

உலகம்மாள் விரல் மடக்கினாள். "பச்சரிசி இருக்கு. சிறுபருப்பு இருக்கு. வெல்லம் நெறைஞ்சிருக்கு. நெய்யும் நெறைஞ்சிருக்கு. காய்கறியும் கரும்பும் மஞ்சக்குலையும் வேணும்."

பிரமநாயகம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் யோசனை. இருக்கு என்றால் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை பேருக்கு அது எப்படிப் போதும்? நெறைஞ்சிருக்கு என்றால் ததும்புகிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை. இப்படி அவர் மூளை ரயில்வே டைம்டேபிள் மாதிரி கச்சிதமாக வேலை செய்தது. பச்சரிசியும் சிறுபருப்பும் தாராளமாக வாங்கினார். வெல்லக் கடையைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பைகளைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார். எட்டிப் பார்க்க வந்த உலகம்மாளை வாசலிலேயே மறித்தார்.

"அடுப்படிக்கு நீ வரப்படாது. சாமி உத்தரவு."

"எல்லாம் வாங்கியாச்சா?"

"ஒண்ணு விடல."

அவள் நம்பினாள். பெரிய பையாகத்தான் தெரிந்தது.

பொங்கலன்று விடியுமுன்பே முற்றத்தில் கோலம் விழுந்தது. பொங்கக்கட்டிகள் மூன்றையும் அடுப்பாகக் கூட்டி, பானைக்கு மஞ்சள்குலை கட்டி, பிரமநாயகம் பனையோலையைப் பற்றவைத்தார். புகையில் கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. மாப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"தாத்தா, தீ அணையப் போவுது!"

"அணையாது, நீ தள்ளி நில்லு."

உலகம்மாள் நடையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். வேலையில்லாமல் இருந்து பழக்கமில்லாத கைகள், அவை பாட்டுக்குப் புடவை ஓரத்தை மடித்து மடித்து விரித்தன.

சூரியன் எழும்போது பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். பிரமநாயகம் எல்லாரையும்விடச் சத்தமாகப் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார். எத்தனையோ பொங்கலுக்கு லீவு கிடைக்காமல் வடக்கே ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் நின்ற மனுஷன்.

அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்தன. கரண்டியால் எடுத்துப் பார்த்து அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"செண்பகம், வெல்ல டின்ன எடுத்துட்டு வா. நெய் ஜாடியும்."

செண்பகம் கொண்டுவந்து வைத்தாள். அவர் டின்னைத் திறந்தார். அடியில் விரல் நுனியளவு வெல்லம் ஒட்டிக்கிடந்தது, அதைச் சுற்றி எறும்பு. ஜாடியைத் திறந்தார். கழுவித் துடைத்துக் காயவைத்த ஜாடி.

"உலகு! வெல்லம் எங்க?"

"நீங்க வாங்கிட்டு வரலயா?"

"நெறைஞ்சிருக்குன்னு நீதான சொன்ன?"

"ஆமா. நெறைஞ்சிருக்குன்னு சொன்னேம்லா? பிறகு ஏன் வாங்கல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செண்பகம்தான் முதலில் சிரித்தாள்.

"யப்பா, ஒங்களுக்கு இதுகூடத் தெரியாதா? நெறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்!"

"என்னது?"

உலகம்மாள் மெல்லச் சொன்னாள். "அடுப்படியில இல்லன்னு சொல்லப்படாதுங்க. சொன்னா அதுவே நெலச்சிரும்பாவ. அதனால காலியாயிட்டா நெறைஞ்சிருக்கும்போம். எல்லா வீட்டுலயும் பொம்பளைக அப்படித்தான் சொல்லுவோம்."

மாப்பிள்ளை சிரித்தார், மகன் சிரித்தான், எதற்கென்று தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிரமநாயகமும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"உலகு," என்றார். "போன்ல கேக்கும்போதெல்லாம் அரிசி நெறைஞ்சிருக்குன்னு சொல்லுவியே."

உலகம்மாள் காலி ஜாடியை எடுத்து மூடினாள்.

"எண்ணெ நெறைஞ்சிருக்குன்னு..."

"அடுப்பப் பாருங்க," என்றாள் உலகம்மாள். "அடி பிடிக்கப் போவுது."

அவர் அடுப்பைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பண்டிகைக் காலையில் கடை ஏது? கடைக்காரரும் அவர் வீட்டு முற்றத்தில் பானையோடு நின்றிருப்பார். உலகம்மாள் அடுப்படிக்குள் போனாள், சாமி உத்தரவு அதோடு சரி. காபிக்கென்று தனக்குத் தனியாக வைத்திருந்த கருப்பட்டியை எடுத்துத் தட்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்து ஒரு கிண்ணம் நெய் வாங்கினாள். இருந்த கருப்பட்டிக்குத் தக்கபடி கொஞ்சம் பொங்கல் இனித்தது. மீதியைக் குழம்புக்குத் தோதாக வெள்ளையாகவே வைத்துக்கொண்டார்கள்.

இலை போட்டாயிற்று. உலகம்மாள் பரிமாறினாள், இலைக்கு இலை குனிந்து, பிள்ளைகளுக்கு ஊதி ஆறவைத்து. கருப்பட்டிப் பொங்கல் அவ்வளவு ருசியாக அமையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பானை காலியாகிக்கொண்டே வந்தது.

வெயில் ஏறியதும் பிரமநாயகம் தூக்குச்சட்டியோடு மடத்துக்குப் போனார். சாமி படித்துறையில் உட்கார்ந்திருந்தார்.

"பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சு சாமி."

பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வாங்கி வந்த அரிசியைச் சொன்னார், வாங்காத வெல்லத்தைச் சொன்னார், துடைத்துக் காயவைத்த ஜாடியைச் சொன்னார்.

"இத்தன வருசமும் அவ இல்ல, இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கா சாமி. நான் சந்தோசம், சந்தோசம்னு சொல்லிப் போன வச்சிருக்கேன்."

பிரமநாயகம் சாமி பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா வெல்லம் வாங்கியிருப்பிய."

பிரமநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போனது போச்சு சாமி. இனிமே அவ நெறைஞ்சிருக்குன்னு சொன்னா எனக்கு அர்த்தம் தெரியும். இனி ஏமாற மாட்டேன். இப்ப அந்தக் கேள்வியக் கேக்குதேன். நிறைவுன்னா என்ன?"

"மொதல்ல பொங்கலக் காட்டுங்க."

பிரமநாயகம் ஆசையாகத் தூக்குச்சட்டியைத் திறந்தார். கருப்பட்டியும் நெய்யும் கலந்த மணம் வந்தது.

"ஒங்களுக்குன்னு பானைய வழிச்சுக் கொண்டாந்தேன். கடைசியா இருந்தது இவ்வளவுதான். இனி அங்க ஒரு பருக்க கிடையாது."

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. மாப்பிள்ள ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினாரு. வெள்ளப் பொங்கலும் குழம்பும்கூடக் காலி."

"அம்மா?"

"அவதான் எல்லாருக்கும் பரிமாறினா. கிளம்பும்போது நான் மறக்காமக் கேட்டேன், நீ சாப்பிடலியான்னு. அதுக்கு அவ, வயிறு நெறைஞ்சிருக்கு, நீங்க மடத்துக்குப் போயிட்டு வாங்கன்னா."

சாமி தூக்குச்சட்டியை மூடினார். அதன் பிடியைத் தூக்கிப் பிரமநாயகத்தின் கையில் வைத்தார்.

"பிறகு இங்க என்ன செய்யுதிய?"