இழுபடாத பட்டை

“மேடம், பட்டை இழுபடுது.”

எஸ்தர் திரும்பவில்லை. தொலைநோக்கியில் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா மேடம்? கடைசிக் குண்டெல்லாம் கீழ போய் விழுது. பட்டைதான் இழுபடுது.”

“கேட்டுது, ஏட்டையா.”

ஏட்டு நம்பிராஜனுக்கு எஸ்தரைவிடப் பத்து வயது அதிகம். காவல்துறைத் துப்பாக்கி அணியிலேயே தலை நரைத்தவர். எஸ்தர் தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே பாறைக்காட்டில் இருந்த அந்தச் சுடுதளத்துக்குப் பயிற்சியாளராக வந்தவர்.

சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஏட்டு முதலில் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தார்.

மாநிலத் தேர்வில் இரண்டு வருடமாகக் கடைசி நேரத்தில் கோட்டை விட்டிருந்தார். இந்த முறையும் விட்டால் அணியில் இடமில்லை, ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் பாரா பார்க்க வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். துப்பாக்கி சுடுவதைத் தவிர வேறு எதையும் ஏட்டு மனசாரச் செய்ததில்லை.

படுத்துச் சுடுகிறவருக்குத் துப்பாக்கியின் கனத்தைத் தாங்குவது கை அல்ல. இடது மேல்கையில் மாட்டி, துப்பாக்கியின் முன்பக்கம் கொக்கி போடும் ஒரு பட்டை. அது கொஞ்சம் இளகினாலும் குழல் இறங்கிவிடும்.

ஏட்டினுடையது தோல் பட்டை.

“நைலான் வாங்குன்னு ஒருத்தன் சொல்லுதான். ரப்பர் பூசுன பட்டைதான் சரின்னு இன்னொருத்தன். ரெண்டையும் கடன் வாங்கிட்டு வந்திருக்கேன். நான் எதைத்தான் எடுக்க?”

எஸ்தர் தொலைநோக்கியை மூடினார்.

“கழுத்துல வேர்வை இருக்கா?”

“இந்த வெயில்ல வேர்க்காம இருக்குமா?”

“மூணு பட்டையையும் கழுத்துல நல்லாத் தேய்ச்சுக் குடுங்க.”

ஏட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தேய்த்துக் கொடுத்தார்.

கொட்டகையின் குறுக்குக் கம்பியில் எஸ்தர் மூன்றையும் தொங்கவிட்டார். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வாளி, வாளி நிறையத் தண்ணீர். வாளியின் அடி நின்ற இடத்துக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு போட்டார்.

“இங்கயே உக்காந்து பாருங்க.”

சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏட்டு உட்கார்ந்தார். தேர்வு நெருங்கிவிட்டது, நான் வாளிக்குக் காவல் இருக்கிறேனே என்று நொந்துகொண்டார். காவல் இருப்பது அவருக்குப் பழகிய வேலைதான். ஆனால் கைதியிடமாவது பேச்சுக் கொடுக்கலாம்.

பொழுது சாய்ந்தபோது எஸ்தர் வந்தார்.

“என்ன பாத்தீங்க?”

“தோலு ஒரு விரற்கடை இறங்கிருச்சு. நைலானும் இறங்குச்சு.”

எஸ்தர் வாளிகளைக் கழற்றினார். நைலான் சுருங்கிப் பழைய நீளத்துக்கு வந்தது. தோல் இறங்கிய இடத்திலேயே நின்றது.

ரப்பர் பூசிய பட்டை முதலிலும் அசையவில்லை, இப்போதும் அசையவில்லை.

“நான் சொன்னேம்லா!” ஏட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “என் மேல தப்பு இல்லை. இந்தச் சவத்துத் தோலுதான் என்னைக் கவுத்திருக்கு.”

“ஆமா ஏட்டையா. தோலு மேலதான் தப்பு.”

இவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்வார் என்று ஏட்டு எதிர்பார்க்கவில்லை. ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் புதுப் பட்டையை மாட்டிப் படுத்தார். கொக்கியைப் போட்டார். குறி பார்த்தார்.

குழல் நுனியில் இருக்கும் முன்குறியைப் பார்த்தவர் உடனே எழுந்துவிட்டார்.

“மேடம், இது துடிக்குது.”

“எது?”

“முன்குறி. துள்ளித் துள்ளி விழுது. பட்டையில ஏதோ கோளாறு இருக்கு.”

“படுங்க.”

எஸ்தர் குனிந்து அவர் கையைப் பார்த்தார். பட்டை மேல்கையின் உள்பக்கம், நாடி ஓடும் இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. அதை மேலே ஏற்றி வெளிப்பக்கம் தள்ளினார்.

“இப்ப?”

“குறைஞ்சிருக்கு.”

“போச்சா?”

“போகலை. தோலுல இந்தத் தொந்தரவே கிடையாது மேடம்.”

“தோலுலயும் இருந்துது ஏட்டையா. தோலு அதை முழுங்கிருச்சு. இது முழுங்காது.”

தன் நெஞ்சு அடித்துக்கொள்வதைத் துப்பாக்கி இப்படிக் காட்டிக் கொடுக்கும் என்று ஏட்டு நினைக்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

“இழுபடவும் கூடாது, துடிக்கவும் கூடாது. அப்படி ஒரு பட்டை இருக்கா?”

எஸ்தர் அவர் துப்பாக்கியை வாங்கினார். பக்கத்தில் கிடந்த மணல் மூட்டையின்மேல் வைத்தார்.

“பாருங்க.”

ஏட்டு குறி பார்த்தார். முன்குறி கல்லுப் போல நின்றது.

“துடிக்கலை மேடம்!”

“அப்ப செலக்‌ஷனுக்கு மூட்டையை அனுப்பிருவோமா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஏட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. துப்பாக்கியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோபம் பாதி வழியிலேயே ஆறிவிட்டது. அதற்கு அடியில் இருந்தது பயம். இத்தனை நாளும் தோற்றால் சொல்வதற்குத் தோல் பட்டை இருந்தது. இப்போது சொல்வதற்கு எதுவுமே இல்லை.

தேர்வு நாள் வந்தது.

ஏட்டு ரப்பர் பட்டையோடுதான் படுத்தார். தொடக்கத்திலிருந்தே குண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி விழுந்தன. கீழே இறங்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள்.

கடைசிக் குண்டு பாக்கி. அணியில் மிச்சம் இருந்ததும் ஒரே இடம். அதற்குப் போட்டியாக இருந்த இளைஞன் சுட்டு முடித்துவிட்டான். ஏட்டு பத்து அடித்தால் இடம் அவருக்கு. ஒன்பது அடித்தால் அவனுக்கு.

முன்குறி துள்ளியது.

ஏட்டு காத்திருந்தார். அடங்கட்டும் என்று மூச்சை விட்டார். அது இன்னும் பலமாகத் துள்ளியது.

துப்பாக்கியை இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது.

துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு அனுமதி கேட்டு எழுந்தார். கையில் மாட்டிய பட்டை அப்படியே தொங்கியது. சுடும் கோட்டுக்குப் பின்னால் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

“நேரம் ஓடுது ஏட்டையா. எதுக்கு எழுந்தீங்க?”

“அடங்க மாட்டேங்குது மேடம்.”

“ம்.”

“பயமா இருக்கு.” முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். “செத்துருவேன் போல பயமா இருக்கு. எப்ப அடங்கும்? அதை மட்டும் சொல்லுங்க.”

எஸ்தர் கையை நீட்டினார்.

“நாடியைப் பிடிச்சுப் பாருங்க.”

ஏட்டு தயங்கினார்.

“பிடிங்க.”

ஏட்டு இரண்டு விரலை எஸ்தரின் மணிக்கட்டில் வைத்தார்.

தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏட்டினுடையதைவிட வேகமாக.

ஏட்டு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். எப்போதும் போல அமைதியாகத்தான் இருந்தது. இந்த முகம் மட்டும் எனக்கு வாய்த்திருந்தால் என்று அவர் பலமுறை பொறாமைப்பட்ட முகம்.

“உங்களுக்கு எதுக்கு மேடம்?”

“சுடுற இடத்துல நின்னா எனக்கு இப்படித்தான்.”

“மெடல் வாங்குன அன்னைக்கு?”

“அன்னைக்கு இதைவிட.”

“அப்ப எப்படிச் சுட்டீங்க?”

எஸ்தர் கையை இழுத்துக்கொண்டார்.

“போய்ப் படுங்க. நேரம் முடியப் போகுது.”

ஏட்டு ஓடாத குறையாகப் போய்ப் படுத்தார். கொக்கியைப் போட்டார். குண்டை ஏற்றினார். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தார்.

முன்குறி துள்ளியது.

அடங்கு என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

துள்ளியது. திரும்பி வந்தது. துள்ளியது. திரும்பி வந்தது.

அதே இடத்துக்கு.

ஒவ்வொரு முறையும் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவுக்கே வந்து நின்றுவிட்டுத்தான் மறுபடி துள்ளியது. பட்டை இம்மிகூட இளகவில்லை. இவ்வளவு நாளும் துள்ளலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அது திரும்பி வருவதைப் பார்க்கவே இல்லை.

நடுவரின் கை மணியின் பக்கம் போனது.

ஏட்டின் விரல் விசையில் மெதுவாக அழுந்தத் தொடங்கியது. துள்ளியது. விரல் அப்படியே நின்றது. திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

வெடித்தது.

மணி அடித்தது.

பக்கத்தில் இருந்த திரையில் பத்து என்று விழுந்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். அந்த இளைஞன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

ஏட்டு எழுந்திருக்கவில்லை. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவும் இல்லை. எஸ்தர் வந்து பக்கத்தில் குந்தினார்.

“அடங்குச்சா, ஏட்டையா?”

“எங்க அடங்குச்சு?” என்றார் ஏட்டு.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முன்குறி அதோடு சேர்ந்து குலுங்கியது.

“இப்பவும் துடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு மேடம்.”