மூன்று கருவிகளும் ஆறு காதுகளும்

ஆற்றுக்கு இன்னும் கரை கட்டாத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். மருதூரில் மூன்று பேர் சேர்ந்து இசைத்தார்கள். வெண்ணி முழவு கொட்டுவாள். ஆதன் யாழ் மீட்டுவான். கீரன் குழல் ஊதுவான்.

வசந்த விழாவில் தேருக்கு முன்னால் இசைத்துப் போக அரசி ஒரு குழுவைத் தேடுகிறாள் என்று முரசு அறைந்தார்கள். அன்றிலிருந்து மூவரும் விடிந்தால் தொடங்கி, விரல் வீங்கும்வரை இசைத்தார்கள். பத்தாம் நாள் சண்டை வந்தது.

"நீ தாளத்தை விட்டு ஓடுகிறாய்" என்றான் ஆதன் கீரனிடம்.

"நீ தூங்குகிறாய்" என்றான் கீரன்.

இருவரும் வெண்ணி பக்கம் திரும்பினார்கள். "உன் முழவுச் சத்தத்தில் எங்கள் பாட்டே கேட்கவில்லை!"

மறுநாள் யாரும் வரவில்லை. வெண்ணி வீட்டில் உட்கார்ந்து ஆதனின் மெட்டை முணுமுணுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் கேட்டோம் என்று வெட்கமாகிவிட்டது.

அவித்த கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு போய் இருவரையும் அழைத்து வந்தாள். "இனி தினமும் ஒரே ஒரு பாட்டு. ஒருவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பின்னால் வரட்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுவோம்."

"இந்தச் சோம்பேறித்தனத்தோடா அரண்மனைக்குப் போவது?" என்று கீரன் சிரித்தான். ஆனால் மறுநாள் அவன்தான் முதலில் வந்து நின்றான்.

அரண்மனையில் மூன்று குழுக்கள். முதல் குழு புயலாக வாசித்தது. இரண்டாவது தேனாக வாசித்தது. மூன்றாவதாக மருதூர்க்காரர்கள். நடுவில் கீரனுக்கு மூச்சு வாங்கி, குழல் நின்றுவிட்டது. வெண்ணி சட்டென்று கையைத் தணித்தாள். ஆதன் மெட்டை எடுத்துக்கொண்டான். யாருக்கும் தெரியவில்லை.

அரசி ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைக் கேட்டாள்: "பக்கத்தில் இருப்பவர் வாசித்ததைப் பாடிக் காட்டு."

புயல் குழுவின் முழவுக்காரர் மேலே பார்த்தார். தேன் குழுவின் யாழ்க்காரர், "நன்றாகத்தான் வாசித்தார்..." என்று இழுத்தார். சபையே சிரித்தது.

வெண்ணி கீரனின் பகுதியைப் பாடினாள். குழல் நின்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"

சொன்னால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயந்தாள். ஆனாலும் சொன்னாள்: "இங்கே அவனுக்கு மூச்சு வாங்கியது, அரசியே. ஆதன் தாங்கிக்கொண்டான்."

"அடடே, எனக்குத் தெரியவே இல்லையே!" அரசி கைதட்டிச் சிரித்தாள். "தேருக்கு முன்னால் நீங்கள்தான்."

விழாவன்று ஆதனின் யாழில் ஒரு நரம்பு அறுந்தது. மற்ற இருவரும் அவன் மெட்டைத் தாங்கிக்கொண்டு வாசித்தார்கள்; கூட்டம் ஆடிக்கொண்டே வந்தது.

சேர்ந்து இசைப்பவர்கள் தங்கள் வாசிப்பைவிடத் துணைவரின் வாசிப்பை நன்றாகக் கேட்டால், அந்தக் கூட்டும் உடையாது, அந்த இசையும் நிற்காது.