கொடுக்குக்கு ஒரு கெண்டை

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் மண்கரையை நண்டுகள் துளைத்துக்கொண்டே இருந்தன.

நண்டுகளைக் குறை சொல்ல முடியாது. அவற்றுக்கும் வீடு வேண்டுமே. ஆனால் நண்டுக்கு வீடு என்றால் கரைக்கு ஓட்டை. ஓட்டை பெரிதானால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் மீன் ஏது, பறவைக்கு இரை ஏது? அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கரைமேல் நடந்து, புரண்டு, மிதித்து நண்டு வளைகளை அடைத்துவிட்டுப் போகும். யாரும் அவற்றைக் கூப்பிட்டதில்லை. கோடையெல்லாம் இந்தக் குளத்துச் சேற்றில்தானே புரண்டோம் என்று அவையாகவே வரும்.

ஓர் ஆண்டு நண்டுகள் கொஞ்சம் கூடிவிட்டன. குளத்துக்குத் தலைவராக இருந்த செங்கோடன் என்ற கூழைக்கடாப் பறவைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. செங்கோடன் நல்ல மனசுக்காரர். ஆனால் உடம்பு பெரிது, கால் குட்டை. குளத்து நடுவில் பட்டுப்போன மரம் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தால் மீன் பிடிக்க மட்டும்தான் இறங்குவார். கரையில் நடந்து பார்ப்பதெல்லாம் அவருக்கு ஆகாத வேலை.

யோசித்து யோசித்து ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நண்டைப் பிடிச்சுத் தின்னுங்க. கொடுக்கை மட்டும் எங்கிட்ட கொண்டுவாங்க. ஒரு கொடுக்குக்கு ஒரு கெண்டை மீன் தர்றேன்" என்றார்.

எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. குளத்தில் நீந்தித் திரியும் வெள்ளச்சி என்ற நாமக்கோழிகூட நல்ல யோசனை என்றுதான் நினைத்தாள். நண்டும் சாகும், பிடித்தவனுக்கு மீனும் கிடைக்கும். இதில் என்ன கெடுதல் வரப்போகிறது?

முதலில் கெடுதல் ஒன்றும் வரவில்லை. கொக்குகளும் நாரைகளும் கீரிகளும் நண்டுகளைத் தேடித்தேடிப் பிடித்தன. செங்கோடன் பைபோல் தொங்கும் அலகிலிருந்து மீனை எடுத்துக் கொடுத்தார். கரையிலிருந்து மரத்தடிவரை நீண்ட பாறைமேல் கொடுக்குகள் குவிந்தன. அந்தக் குவியலைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அந்தக் கீரிகளில் சடையன் என்று ஒருவன். ஒரு நாள் அவன் பொந்தன் என்ற நண்டைக் கொடுக்கில் கவ்வினான். பொந்தன் கொடுக்கைக் கழற்றி அவன் வாயிலேயே விட்டுவிட்டு வளைக்குள் ஓடிவிட்டான். நண்டு போனால் போகிறது என்று சடையன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து மீன் வாங்கித் தின்றான். சில வாரம் கழித்து அதே பொந்தன் மறுபடியும் மாட்டினான். போன இடத்தில் புதிதாகச் சின்னக் கொடுக்கு ஒன்று முளைத்திருந்தது.

"இது எப்படிடா வந்துச்சு?" என்றான் சடையன்.

"தோல் உரிச்சா முளைச்சிடும் அண்ணே. எங்க குலத்துக்கே அப்படித்தான்" என்றான் பொந்தன்.

சடையன் அவனைத் தின்னாமல் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்படின்னா உன்னைக் கொல்றவன்தான் முட்டாள்" என்றான்.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. முளைக்கிற கொடுக்கையெல்லாம் நண்டுகள் கொடுத்துவிட வேண்டும். உயிருக்குச் சடையன் பொறுப்பு. அன்றிலிருந்து கரையில் ஒரு கொக்கு கால் வைக்க முடியவில்லை. சடையன் சீறிக்கொண்டு வந்துவிடுவான். அந்தக் கரையில் நண்டுக்குச் சாவே இல்லை என்று கேள்விப்பட்டு, சுற்று வயல்களிலிருந்தெல்லாம் நண்டுகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. வந்தவை சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வளை தோண்டின. கொக்குகளும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, குளத்தின் மறுமூலையில் தாங்களும் அதே தொழிலை ஆரம்பித்துவிட்டன. வந்த கொடுக்குகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போயின. செங்கோடன் அதைக் கவனிக்கவில்லை. குவியல் உயர்ந்துகொண்டே வந்ததை மட்டும் கவனித்தார்.

மழைக்கு முன்னால் பன்றிகள் வழக்கம்போல் வந்தன. வந்த இடத்தில் மீன் சங்கதி காதில் விழுந்தது. கூட்டத்தை நடத்திவந்த தாய்ப்பன்றி கருப்பாயி, கரை மிதிப்பவர்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டாள். மீன் கொடுக்குக்கு மட்டும்தான் என்று செங்கோடன் சொல்லிவிட்டார். கருப்பாயி சண்டை போடவில்லை. ஆள் வைத்து வேலை நடக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதுவரை இனாமாகச் செய்கிறோம் என்று ஒரு பன்றியாவது நினைத்ததுண்டா? மீனைப் பார்த்த பிறகுதான் நினைத்தது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளச்சி கோரைக்கு நடுவே கூடு கட்டி முட்டையிட்டாள். தண்ணீரில் மிதக்கும் கூடு அது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை முட்டைகளுக்குப் பயமில்லை. தண்ணீர் வற்றினால் எந்த வாயும் எட்டிவிடும். அதனால் அவள் கண் எப்போதும் கரைமேல் இருந்தது.

ஒரு நாள் கரையின் வெளிப்பக்கத்தில் மான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மழையே இல்லை, ஆனால் அங்கே மட்டும் புல் பச்சைப்பசேலென்று நின்றது. தலைவர் ஆட்சியில் காய்ந்த மண்ணிலும் புல் முளைக்கிறது என்று மான்கள் புகழ்ந்துகொண்டே மேய்ந்தன. வெள்ளச்சி அங்கே இறங்கிக் காலை வைத்தாள். மண் சில்லென்று இருந்தது. குளத்துத் தண்ணீர்தான் கரைக்குள் கசிந்து வந்து புல்லுக்குப் பாய்கிறது!

ஓடோடிப் போய்ச் செங்கோடனிடம் சொன்னாள். அவர் குவியலைக் காட்டினார்.

"இத்தனை கொடுக்கு இங்க கிடக்கு. அப்படின்னா எத்தனை நண்டு போயிருக்கும், நீயே பாரு."

"போன நண்டு எங்கய்யா? செத்த நண்டோட ஓடு ஒண்ணுகூட நான் கரையில பார்க்கலை. வளைதான் கூடியிருக்கு. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

செங்கோடனுக்கு நெஞ்சில் சின்னதாக ஏதோ உறுத்தியது. அதற்குள் கொடுக்கோடு வந்து நின்ற சடையன், அடைகாக்கிறவளுக்கு எதைக் கண்டாலும் பயம்தான் என்று சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரு கொடுக்கு இருந்தது. செங்கோடன் நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளை வரவேயில்லை.

வெள்ளச்சி பொந்தனிடம் போய்க் கெஞ்சினாள். கரை போனால் நீயும்தானே போவாய் என்று கேட்டாள்.

"தெரியும் அக்கா" என்றான் பொந்தன். "நான் இந்த வளையை மூடிட்டுப் போனா, நாளைக்கே பக்கத்துல இன்னொருத்தன் தோண்டுவான். கரை அப்பவும் போகும். அதுக்கு முன்னால என் வீடு போயிடும். நான் மட்டும் ஏன் போகணும்?"

அவனைப்போலவே ஒவ்வொரு நண்டும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையில் இருந்தது. கருப்பாயியிடமும் போனாள். கூப்பிடாமலே வந்தவர்கள் நாங்கள், இப்போது கூப்பிட்டாலும் வர மனசில்லை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் வெள்ளச்சி தானே அலகால் சேற்றை அள்ளி வளைகளை அடைத்துப் பார்த்தாள். ஒன்றை அடைத்துத் திரும்புவதற்குள் அடுத்தது திறந்துகொண்டது. அதற்கு மேல் நின்றால் முட்டைகள் ஆறிப்போகும் என்று கூட்டுக்கு ஓடினாள். கூட்டில் உட்கார்ந்தால் கரை நினைப்பு. கரைக்குப் போனால் கூட்டு நினைப்பு. இரை இறங்கவில்லை.

மழை வந்தது.

முதல் நாள் கூடு கொஞ்சம் உயர்ந்தது. இரண்டாம் நாள் இன்னும் உயர்ந்தது. குளம் நிரம்புகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். வெள்ளச்சி மட்டும் தண்ணீர் ஒவ்வொரு விரல் ஏறும்போதும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கரையின் வெளிப்பக்கம் பறந்துபோனாள். அதுவரை தெளிவாகக் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது கலங்கலாக வந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் செங்கோடன் மரத்தைவிட்டு எழுந்து முதன்முறையாகக் கரைக்குப் பறந்து வந்தார். மேலே இருந்து பார்த்தார். கரை சல்லடையாகக் கிடந்தது. வளைதோறும் ஒரு நண்டு உயிரோடு எட்டிப் பார்த்தது. கொடுக்கில்லாத நண்டுகள்.

"ஐயோ, இதுக்கா நான் இத்தனை நாள் மீன் கொடுத்தேன்?" என்றார்.

பன்றிகளைக் கூப்பிடுங்கள் என்று அவர் கத்தும்போதே கரை நடுவில் இடிந்து உட்கார்ந்தது. அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் சேறும் நண்டும் மீனுமாகச் சேர்த்து வாரிக்கொண்டு வயல் பக்கம் ஓடியது. பொந்தனும் அவன் வளையும் இருந்த இடமே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் குளம் வெறும் சேறாகிவிட்டது. வெள்ளச்சியின் கூடு அந்தச் சேற்றில் தரைதட்டி நின்றது. அவள் முட்டைகளைவிட்டு நகரவில்லை.

சடையன் சேற்றில் நடந்து வந்தான். வாயில் இருந்த கொடுக்கைச் செங்கோடன் முன்னால் வைத்தான். செங்கோடன் அலகைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. சடையன் கொடுக்கை அப்படியே போட்டுவிட்டு நாலாபக்கமும் பார்த்தான். மீன் இல்லை, நண்டு இல்லை. அவன் பார்வை மெல்லத் திரும்பிக் கூட்டின்மேல் வந்து நின்றது.

வெள்ளச்சியின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கீரியை எதிர்க்க அவளிடம் என்ன இருக்கிறது? சடையன் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

அப்போது அந்தப் பெரிய பறவை சேற்றில் தத்தித் தத்தி, விழுந்து எழுந்து வந்து குறுக்கே நின்றது. செங்கோடன் இரண்டு சிறகையும் விரித்துக் கூட்டை மறைத்துக்கொண்டார். அலகைத் தாழ்த்திச் சடையனைப் பார்த்தார். சடையன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்கு அவசரம் இல்லை.

செங்கோடனுக்குப் பசி. இரை தேட வேறு குளத்துக்குப் பறந்தால் முட்டைகள் போய்விடும். பறக்காமல் நின்றால் எத்தனை நாள் நிற்க முடியும்? ஆனாலும் நின்றார்.

"நகராம இரு வெள்ளச்சி. குஞ்சு வெளியே வர்றவரைக்கும் நான் இங்கயே நின்னு பார்த்துக்கறேன்" என்றார்.

வெள்ளச்சிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

"இதே மாதிரி ஒரு நாள் கரையில வந்து நின்னு பார்த்திருந்தா போதுமேய்யா" என்றாள்.

கேடு குறைந்ததா என்று நேரில் போய்ப் பார்க்காமல், குறைந்துவிட்டதாகக் காட்டும் அடையாளத்துக்குக் கூலி கொடுத்தால், அடையாளமும் பெருகும், கேடும் பெருகும்.