தொட்டிக்குப் பின்னால போன நட்சத்திரம்

ஒரு ஊர்ல ஒரு நாச்சிமுத்து இருந்தாரு. அவருகிட்ட ஆள் உயரத்துக்கு ஒரு தொலைநோக்கி. அவரே கண்ணாடி தேய்ச்சு செஞ்சது. சர்ரக் சர்ரக்னு எட்டு மாசம் தேய்ச்சாரு, வீட்ல ஒருத்தரும் தூங்கல. உன்னை மாதிரிதான். ம் சொல்லு.

ம்.

அந்த மொட்டை மாடி அவருக்கும் அவரு அக்கா பாவாயிக்கும் பொது. தொலைநோக்கி நிக்கிற இடத்துல அக்காவுக்குக் கோழிக்கொட்டகை போடணும். தகரமெல்லாம் வாங்கி மாடிப்படியில சாத்தியாச்சு. ஏறும்போது ஒரு தடால், இறங்கும்போது ஒரு தடால்.

"ஏண்டா நாச்சி, ஆறு வருஷமா மேகம் மேகம்ங்கறே. ஒருநாளாச்சும் யாருக்காச்சும் காட்டியிருக்கியா?"

"இருக்குதுக்கா. வரிசையா மூணு நட்சத்திரம் இருக்குல்ல, அதுல கடைசி நட்சத்திரத்தை ஒட்டினாப்புல ஒரு மேகம், மழை மேகம் இல்ல, தூசியும் வாயுவுமா வானத்துலயே நிக்கிறது. அந்த நட்சத்திரம் கண்ணைக் கூசுது, அதான் தெரியல."

"அப்போ நீயும் பாக்கல!"

நாச்சிமுத்து துணியை எடுத்துத் தொலைநோக்கியைத் தொடைக்க ஆரம்பிச்சாரு.

"பங்குனி அமாவாசை வருது. நிலா இருக்காது. மூணு ராத்திரி தரேன். எங்கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா நாலாம் நாள் இங்க கோழி."

அப்புறம் முதல் ராத்திரி. இருட்டினதும் நட்சத்திரத்தை நட்டநடுவுல கொண்டுவந்து நிறுத்தினாரு. அக்கா கண்ணை வெச்சா. பளீர்! டார்ச் அடிச்ச மாதிரி. கண்ணுல தண்ணி கொட்டுது.

"மேகமா இது? வெல்டிங் பட்டறை!"

ஒன்பது மணியாச்சு. ரெண்டு தெரு தள்ளி ஊர்த் தண்ணித்தொட்டி ஒண்ணு, மேற்கு வானத்தை மறைச்சுக்கிட்டு நிக்கும். நட்சத்திரம் தொட்டிகிட்ட சாயறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே அவரு தொலைநோக்கிக் குழாய்க்கு மூடி போட்டுடுவாரு. ஆறு வருஷமா அதே பழக்கம். "சனியன் பிடிச்ச தொட்டி"ன்னு திட்டிக்கிட்டே டப்புனு மூடினாரு. முழிச்சிருக்கியா?

ம்.

ரெண்டாம் ராத்திரி. கண்ணு வெச்சுப் பாக்கற லென்சுக்குள்ள கறுப்பு டேப்பை மெல்லிசா வெட்டி ஒட்டினாரு. நட்சத்திரம் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். மூச்சைப் பிடிச்சு, ஒரு நூல் ஒரு நூலா நகத்தி, சரியா மறைச்சாரு.

"அக்கா, வா. தொடாதே. மெதுவா."

அக்கா வந்தா. முழங்கை டக்குனு இடிச்சுது. பளீர்! மறுபடி மறைச்சாரு. அக்கா வாய்ல வெத்தலை, புஸ்ஸுனு மூச்சு விட்டா, கண்ணாடி பூரா ஆவி. தொடைச்சாரு. டேப் பிஞ்சு கையோட வந்துருச்சு.

"அக்கா!"

"எங்கிட்ட கத்தாதேடா. உம் மேகத்துகிட்ட கத்து."

அப்புறம் தொட்டி வந்துச்சு. டப்.

மூணாம் ராத்திரி. அக்கா முக்காலி போட்டுக் குழாய்கிட்டயே உக்காந்துட்டா. பளீர்தான். எட்டரை, எட்டேமுக்கால், ஒன்பது.

"எந்திரிக்கா. தொட்டி வந்துருச்சு. மூடணும்."

"மாட்டேன். அப்புறம் முழுசாக் காட்டலைன்னு நீயே சொல்லுவே. கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

"என்னத்தைப் பாப்பே? நட்சத்திரமே தொட்டிக்குப் பின்னால போகப் போவுது!"

"போகட்டும்."

நாச்சிமுத்து தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. கீழ கோழி கொக்கொக்குன்னு சிரிக்கிற மாதிரி இருக்கு அவருக்கு.

"டேய், நட்சத்திரம் போயிருச்சு."

"போச்சுல்ல? எல்லாம் போச்சு. தகரத்தை ஏத்து."

"சும்மா இருடா. மேல என்னமோ புகையாட்டம் நிக்குது."

"கண்ணைக் கசக்கிட்டுப் பாரு."

"கசக்கிட்டேன். நரைச்ச முடியாட்டம் இருக்குடா. நடுவுல கறுப்பா ஒரு கோடு. என் தலையாட்டமே வகிடு எடுத்திருக்கு!"

அவரு துள்ளி எந்திரிச்சாரு. அந்த மேகத்துக்கு நடுவுல கறுப்புக் கோடு உண்டு. அவரு படத்துல பாத்திருக்காரு. அக்காகிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. தினம் திட்டின தொட்டி நட்சத்திரத்தை மறைச்சுது, மேகம் மட்டும் ஒரே ஒரு நிமிஷம் வெளிய நின்னுது!

"நவுருக்கா! நவுரு!"

"இருடா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஒரு நிமிஷம்தான் நிக்கும்! நவுரு!"

முக்காலி தடக்குனு சாஞ்சுது. அவரு கண்ணை வெச்சாரு.

தொட்டி. கன்னங்கரேல்னு தொட்டி மட்டும்.

ம் எங்க?

...பாத்தாரா?

இல்லடா கண்ணு. மறுநாள் பாக்கலாம்னா மழை மேகம் வந்து மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் அந்த நட்சத்திரம் இருட்டறதுக்குள்ள மறைஞ்சுபோற காலம். வர்ற வருஷம்தான். ஆனா அக்கா விடிஞ்சதும் தகரத்தைக் கீழ இறக்கி, கிணத்தடியிலயே கொட்டகை போட்டுட்டா. தெருவுல பாக்கறவங்ககிட்டல்லாம், "நான் பாத்தேன், எந்தம்பிக்குத்தான் கண்ணு பத்தல"ன்னு சொன்னா. நாச்சிமுத்து பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஆமாங்க, அக்கா பாத்துச்சு"ன்னாரு.

அவ்வளவுதான். நட்சத்திரமும் போயாச்சு, மேகமும் போயாச்சு. கதையும் தொட்டிக்குப் பின்னால போவுது. நீயும் மூடு கண்ணை. டப்.