சிவப்பு நூல் கட்டிய இடம்

பர்வீன் மேடம் சிவில் மாணவர்களுக்கு ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் நடத்துகிறவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதை விடுதி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், பேச்சு தங்களைப் பற்றியதாக இல்லாத வரைக்கும்.

மூன்றாம் ஆண்டில் அவர் வைக்கிற செய்முறைத் தேர்வு வருஷா வருஷம் ஒன்றுதான். ஐஸ் குச்சிகளைப் பசையால் ஒட்டி ஒரு பாலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். அதை இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்து, இரும்பு வாளி ஒன்றைத் தொங்கவிட்டு, பாலம் உடைகிற வரை வாளியில் மணல் கொட்டுவார்கள்.

கொட்டுவதற்கு முன்னால் மேடம் கைப்பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்து நீட்டுவார்.

"எந்த இடத்துல உடையும்னு நினைக்கிறியோ, அங்க கட்டு."

அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மேடத்துக்கு அது ஒரு சென்டிமென்ட் என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். பாலத்துக்குக் காப்புக் கட்டுவது என்று அதற்குப் பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு மணல் தாங்குகிறதோ அவ்வளவு மார்க் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். ஒரு துண்டு நூலுக்கு எந்தக் கல்லூரியில் மார்க் போடுகிறார்கள்?

பவதாரிணிக்கு ஏற்கெனவே சில பேப்பர்கள் நிலுவையில் நின்றன. இந்தத் தேர்வும் போனால் நான்காம் ஆண்டுக்கு ஏற்றமாட்டார்கள். வகுப்பு முழுக்க மேலே போய்விட, அவள் மட்டும் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அப்படி உட்காருவதில்லை, படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இந்தப் படிப்பு தனக்கு வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அம்மாவிடம் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது: "அம்மா, உடைஞ்சுபோச்சும்மா, நான் வந்துடறேன்."

அன்று காலை கல்லூரிப் பேருந்தில் பாலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டிரைவர் பிரேக் போட்டபோது, நின்றுகொண்டிருந்த ஒரு பையனின் பை வந்து இடித்தது. பாலத்தின் இடது பக்கத்துக் கீழ் மூட்டு விட்டுப்போனது. பையன் பாவம், இறங்குகிற வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

லேப் வாசலில் உட்கார்ந்து அந்த மூட்டில் பசை தடவினாள். பசை சரியாகக் காய ஒரு நாளாவது ஆகும். உள்ளே தேர்வு ஆரம்பித்துவிட்டது.

தோழி ஹேமலதா குனிந்து பார்த்துவிட்டு யோசனை சொன்னாள். விரிசல் மேல் கொஞ்சம் பெயிண்ட் அடித்துவிடலாம், வெளியே தெரியாது. நூலை நடுவில் கட்டிவிடு, எல்லோரும் அங்கேதான் கட்டுகிறார்கள். உன் பாலத்தை நீயே காட்டிக்கொடுக்காதே. பவதாரிணி தலையாட்டினாள். ஹேமலதாவே பெயிண்ட் அடித்துக் கொடுத்தாள்.

உள்ளே ஆல்வின் முறை. அவனுடைய பாலத்தைத் தூக்கிவைக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குச்சி தெரியாத அளவுக்குப் பசை. அம்மிக்கல் மாதிரி இருந்தது. மேடம் நூலை நீட்டினார்.

"இது உடையாது மேடம்," என்றான் ஆல்வின்.

"கட்டு."

அவன் பாலத்தின் ஓரக் கைப்பிடியில் ஒரு பூ முடிச்சுப் போட்டுவிட்டு நண்பர்களைப் பார்த்துச் சிரித்தான். லேப் உதவியாளர் பொன்னையா மணல் கொட்டினார். வாளி நிறைந்தது. பாலம் அசையவில்லை. நிறைந்த வாளியின் மேல் ஒரு செங்கல்லும் வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அசையவில்லை. வகுப்பு கைதட்டியது. வாளி தொங்கியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மேடம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பக்கத்தில் இன்னொரு ஜோடி மேசையும் இன்னொரு வாளியும் இருந்தன.

பவதாரிணி தன் பாலத்தை அங்கே வைத்தாள். நூலை வாங்கி, ஹேமலதா சொன்னபடியே நடுவில் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டாள். தள்ளி நின்ற ஹேமலதா கட்டைவிரலைக் காட்டினாள்.

பொன்னையா மணல் குவளையோடு வந்து நின்றார். இடது பக்கம் நின்றார். காலில் செருப்பு இல்லை. லேபுக்குள் அவர் செருப்புப் போடுவதில்லை.

பவதாரிணி அவருடைய காலைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். போட்ட முடிச்சை அவிழ்த்தாள். நூலைக் கொண்டுபோய் இடது பக்கத்துக் கீழ் மூட்டில், பெயிண்டுக்கு மேலேயே கட்டினாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் நிக்காதீங்க. இங்க வந்துடுங்க. அது அங்கதான் போகும்."

ஹேமலதா தலையில் கை வைத்துக்கொண்டாள். பொன்னையா குவளையை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்தார். இடது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களையும் பவதாரிணி தள்ளி நிற்கச் சொன்னாள்.

வாளி பாதிகூட நிறையவில்லை. நூல் கட்டிய இடத்தில் பாலம் முறிந்தது. வாளி இடது பக்கமாகச் சரிந்து, சற்று முன் பொன்னையா நின்ற இடத்தில் விழுந்து மணலைக் கொட்டியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவ்வளவுதான் என்று பவதாரிணி நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. ஊருக்குப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசித்தாள்.

மேடம் முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தார். நூலைப் பார்த்தார். தரையில் கிடந்த வாளியைப் பார்த்தார்.

"பாஸ். நல்ல மார்க்."

ஆல்வினுக்குப் பொறுக்கவில்லை. அவளுடையது பாதி வாளிகூடத் தாங்கவில்லையே, தன்னுடையதற்கு இன்னும் மார்க்கே சொல்லவில்லையே என்று எழுந்து நின்று கேட்டான். நியாயமான கேள்விதான். வகுப்பும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தது.

"உன் போன் புதுசா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமா மேடம். போன மாசம் அப்பா வாங்கிக் கொடுத்தாங்க."

"அந்த வாளிக்கு நேர் கீழ வை."

ஆல்வின் கொஞ்சம் தயங்கிவிட்டு வைத்தான். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து, தானே குவளையில் மணல் அள்ளினார். அவர் கை வாளிக்கு மேலே போகும் முன் ஆல்வின் குனிந்து போனை எடுத்துவிட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"உடையாதுன்னியே?"

அவன் போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க வச்சா போன் தப்பிக்கும்? இடது பக்கமா, வலது பக்கமா?"

"தெரியல மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வா. நூல் தரேன்."

அதில் கோபம் எதுவும் இல்லை. ஆல்வின் அன்று மாலை வரை தன் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு பவதாரிணி தரையில் கொட்டிய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் இறங்கிவிட்டது. பசிக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா போனில் அழைத்தாள். தயார் செய்துவைத்திருந்த வாக்கியத்தின் முதல் பாதி தானாக வந்துவிட்டது.

"அம்மா, உடைஞ்சுபோச்சும்மா."

பரவாயில்லடி, சாப்பிட்டியா என்று அம்மா ஆரம்பித்தாள். பவதாரிணி சிரித்துக்கொண்டே குறுக்கிட்டாள்.

"பாஸ்மா. நல்ல மார்க்காம்."

"உடைஞ்சா எப்படிடி பாஸ்?"

பவதாரிணி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சாவகாசமாகக் கேட்டுவிட்டு, பேருந்தில் இடித்த அந்தப் பையனைக் கடவுள்தான் அனுப்பியிருக்கிறார் என்றாள். அவன் இடிக்காவிட்டால் எங்கே உடையும் என்று உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவன் எந்த ஊர் என்று கேட்டு, ஒரு டீயாவது வாங்கிக் கொடு.

போனை வைத்த பிறகு பவதாரிணிக்கு அது உறுத்த ஆரம்பித்தது. சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கல் கிடந்தது. துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு மேடத்தின் மேசைக்குப் போனாள். மேடம் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த மூட்டு பஸ்லயே விட்டுப்போச்சு. அதனாலதான் எங்க உடையும்னு தெரிஞ்சுது. நானா கண்டுபிடிக்கல. இதுக்கு மார்க் வாங்கிக்கிறது சரியா?"

"பெயிண்ட் ஈரமா இருந்துச்சு. பார்த்தேன்."

பவதாரிணிக்கு முகம் சுருங்கியது.

"முதல்ல நூலை நடுவுலதானே கட்டினே?"

"ஆமா மேடம்."

"ஏன் அவிழ்த்தே?"

அவள் யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"பொன்னையா அண்ணன் அங்க நின்னாரு மேடம்."

மேடம் நூல்கண்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினார்.

"மார்க் அதுக்குத்தான் போட்டேன். கேன்டீன் மூடிடுவாங்க, போய்ச் சாப்பிடு."