பிரதானியின் சால்வையில் சிக்கிய சீலா மீன்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. சட்டிக்கு மூடி தொலைந்தால் ஒரு பலகைத் துண்டை எடுத்து வைப்போம் என்று தோன்றாது, கடைக்கு ஓடுவான். தூண்டில் முள் கடையில், நூல் கடையில், இரண்டையும் சேர்த்துப் போட்ட முடிச்சும் கடையில். முடிச்சை ஒருவன் விற்கிறானாம், இவன் வாங்குகிறானாம்! கேட்டால் காலம் மாறிவிட்டது என்பான். காலம் ஒன்றும் மாறவில்லை. முன்னொரு காலத்தில், கடலோரம் கோட்டை கட்டி ஆண்ட ஒரு ராஜாவுக்கே இந்த நோய் பிடித்திருந்தது.

ராஜா நல்லவர்தான். ஆசைதான் வாரத்துக்கு ஒன்று. முந்தின வாரம் தம்பூரா வாசித்தார், அரண்மனையே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தது. இந்த வாரம் உப்பரிகையில் நின்று கடலைப் பார்த்தார். பாய் விரித்து ஓடும் சிறு தோணிகள், இருபுறமும் மூங்கில் கழியை நீட்டி, பின்னால் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதைக் கண்டார். உடனே சபையைக் கூட்டிவிட்டார்.

"நாமும் அப்படி ஒரு சீலா மீனை நம் கையாலேயே பிடிக்க வேண்டும். மாடக்கண்ணு, நீர் கடற்கரைக்காரர் அல்லவா? என்ன வேண்டும், சொல்லும்."

மாடக்கண்ணு அந்தச் சபையின் விகடன். வயது அறுபதைத் தாண்டியும் வாய் மட்டும் தளராத மனிதர். அரண்மனையில் சோறு கிடைத்தாலும், மாதத்தில் நாலு நாள் தன் ஓட்டைத் தோணியில் ஏறிக் கடலுக்குப் போய்விடுவார். முகஸ்துதி, புகார், கோள் எதுவும் காதில் விழாத இடம் அது ஒன்றுதான்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் அரசே. ரெண்டு மூங்கில் கழி, நாப்பது பாகம் நூல், முள்ளு ரெண்டு, மீன் மாதிரி மினுங்க ஏதாச்சும் இறகு. நானே செஞ்சு தாரேன்."

பிரதானி அருமைநாயகம் எழுந்தார். விகடனுக்கு அரசர் சிரிப்பது அவருக்கு வயிற்றெரிச்சல். "அரசே! மன்னர் பிடிக்கும் மீனுக்கு மூங்கில் கழியா? அயல்நாட்டுக் கப்பல் வணிகர் ஒருவர் தங்கள் தகுதிக்கேற்ற தூண்டில் வைத்திருக்கிறார்" என்று கைதட்டினார். வாசலிலேயே காத்திருந்த வணிகர் ஒரு பட்டுப் பெட்டியோடு வந்தார்.

உள்ளே கருங்காலிக் கழி இரண்டு. நூல் சுற்ற வெள்ளி உருளை. முள்ளை மறைத்துத் தொங்க ஒரு பொன்மீன், அதற்கு மாணிக்கக் கண். அரசர் குழந்தைபோல அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

மாடக்கண்ணுவும் குனிந்து பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இதைக் கடல்ல போட்டா மீன் கடிக்காது அரசே, திருடன்தான் கடிப்பான்."

சபை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை; அரசரிடம் திரும்பினார்.

"அப்படியானால் போட்டி வைப்போம். நாளைக் காலை கடலில் வாங்கிய தூண்டிலா, செய்த தூண்டிலா என்று பார்த்துவிடலாம். ஆனால் இவர் எதையும் விலைக்கு வாங்கக் கூடாது. அரண்மனை வாசலையும் தாண்டக் கூடாது. இந்தச் சபைக்குள் இருப்பதைக் கொண்டே பொழுது சாய்வதற்குள் செய்து முடிக்க வேண்டும். தோற்றால், இவருடைய தோணியைப் பிளந்து அந்த விறகில் அரசர் பிடிக்கும் மீனைச் சமைப்போம்."

அரசருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!"

மற்ற எதையாவது கேட்டிருந்தால் மாடக்கண்ணு சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். தோணி போனால் மாதம் முப்பது நாளும் இந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சபையைச் சுற்றிப் பார்த்தார். சலவைக்கல் தரை. ரத்தினக் கம்பளம். முதல் பார்வைக்கு மூங்கிலும் இல்லை, இறகு பிடுங்கச் சேவலும் இல்லை. பிறகு பிரதானியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அரசே, ஒரு சந்தேகம். சபைக்குள்ள இருக்கிறது எதுன்னாலும் எடுத்துக்கலாமா? அப்புறம் எவரும் அதைத் தொடாதே, இதைத் தொடாதேன்னு சொல்லக் கூடாது."

"எதையும் எடுக்கலாம். தடுப்பவர் ஆணையை மீறியவர்."

"பிரதானியாருக்குச் சம்மதந்தானே?"

"மனப்பூர்வமாக!" என்றார் பிரதானி, காலியான தரையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டே.

"ரொம்ப நல்லது. சால்வையைக் கழட்டும்."

"என்ன?"

"சால்வை, சாமி. நல்ல பட்டு. நீரும் சபைக்குள்ளதானே இருக்கீரு?"

பிரதானி அரசரைப் பார்த்தார். அரசர் மேற்கூரையைப் பார்த்தார். சால்வை கழன்றது. மாடக்கண்ணு தரையில் உட்கார்ந்து அதை இழை இழையாகப் பிரித்து, மூன்று இழை சேர்த்து முறுக்கி, கை விரிப்புக்கு ஒரு பாகமாக அளந்து நாற்பது பாகம் நூலாக்கினார். சபை வாயிலின் உட்புறம் நின்ற கொடிகளின் கம்பு இரண்டும் நல்ல மூங்கில், அவை கழிகளாயின. திரைச்சீலை தொங்கிய இரும்புக் கொக்கி இரண்டைக் கழற்றி, காவலன் வேல் நுனியில் கீறி, கல்படியில் தேய்த்து முள்ளாக்கினார். அரசருக்கு வீசும் சாமரத்தில் ஒரு பிடி வெள்ளை மயிரை அறுத்தார். மினுக்கத்துக்குப் பிரதானியின் தலைப்பாகை ஜரிகைக் குஞ்சம் போயிற்று.

"நூலு தண்ணிக்குள்ள இறங்கணும். ஈயம் வேணுமே" என்று சுற்றிப் பார்த்தவர், பிரதானியின் ஆசனத்துக்கு அடியில் ஓலைக்கட்டுகள் கிடப்பதைக் கண்டார். ஒவ்வொன்றிலும் ஈய முத்திரை. "இது என்ன சாமி?"

"குடிகளின் மனுக்கள். பரிசீலனையில் இருக்கின்றன."

"மூணு வருசத் தூசியில்ல இருக்கு!" முத்திரைகளைப் பிய்த்துக்கொண்டு, பிரிந்த ஓலைகளை அரசரின் மடியருகே வைத்துவிட்டு வந்தார். அரசர் ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். தலைப்பாகைக் குஞ்சம் போன இடத்தில் பிரதானிக்கு வியர்த்தது.

மறுநாள் காலை கரையெல்லாம் கூட்டம். அரசருடைய படகில் குடை, கொடி, முரசு, எட்டுத் துடுப்புக்காரர்கள். வணிகர் பொன்மீனைப் பின்பக்கம் கட்டப் போனார்.

"நிறுத்தும்!" என்றார் பிரதானி. "அரசருடைய கொடி முன்னால் போகும். குடை முன்னால் போகும். அவருடைய பாதுகையைக்கூட ஒருவன் முன்னால்தான் ஏந்திப் போகிறான். அரசருடைய தூண்டில் மட்டும் பின்னால் இழுபடுவதா? முன்பக்கம் கட்டும்!"

வணிகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முரசு கொட்டிவிட்டார்கள். படகு கிளம்பியது. முன்னால் போட்ட பொன்மீன் மேல் படகே ஏறிப் போயிற்று. நூல் துடுப்பில் சுற்ற, துடுப்பு பக்கத்துத் துடுப்பில் மோத, ஒரு துடுப்புக்காரன் அடுத்தவன் மடியில் விழுந்தான். மறுபடி எடுத்துக் கட்டினார்கள். மறுபடி ஏறிப் போனார்கள். முரசு மட்டும் விடாமல் முழங்கிற்று. அந்தச் சத்தத்துக்கு மீன்கள் அடுத்த ராஜ்யத்துக்கே போயிருக்கும்.

கூப்பிடு தூரத்தில் மாடக்கண்ணுவின் தோணி சத்தமில்லாமல் ஓடிற்று. கொடிக்கம்பு இரண்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தன. பின்னால் சாமர மயிரும் ஜரிகையும் தண்ணீருக்குள் குட்டி மீன்போல நெளிந்து வந்தன. கிழவர் ஒரு கையால் தோணித் துளை வழியே புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே, மறு கையால் சுக்கான் பிடித்திருந்தார். மீன் வரவில்லை. வெயில் ஏறியது. விறகாகப் போகிற பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

இடது கம்பு வில்லாக வளைந்தது.

"மாடக்கண்ணு! மீனா?" அரசர் எழுந்து நின்று கத்தினார்.

"மீனேதான்! முரசை நிறுத்திட்டு இங்கிட்டு வாங்க அரசே!"

படகு நெருங்கியதும், பிரதானி தடுப்பதற்குள் அரசர் வேட்டியை மடித்துக் கட்டித் தோணிக்குள் தாவிவிட்டார். உள்ளங்கை சிவக்கச் சிவக்க நூலை இழுத்தார். கை நீளத்துக்கு ஒரு சீலா, வெள்ளிபோல உள்ளே வந்து துள்ளியது. அரசர் வழுக்கி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்.

கரைக்கு வந்ததும் பிரதானி முந்திக்கொண்டார். "அரசே, நியாயம் கேட்கிறேன். அந்த நூல் என் சால்வை. ஜரிகை என் தலைப்பாகை. ஈயம் என் முத்திரை. ஆகவே அந்தத் தூண்டில் என்னுடையது. மீனைப் பிடித்த பெருமையும் என்னுடையதே. விகடனுக்கு இதில் ஒன்றும் இல்லை!"

கூட்டம் மாடக்கண்ணுவைப் பார்த்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"பிரதானியார் சொல்றது அத்தனையும் உண்மை. தூண்டில் அவரோடதுதான். பெருமையும் அவருக்கே இருக்கட்டும். ஆனா அரசே, போட்டி எனக்கும் அவருக்குமா? வாங்கினதுக்கும் செஞ்சதுக்குந்தானே? செஞ்ச தூண்டில்தான் மீனைப் பிடிச்சதுன்னு ஊரு முன்னால அவரே சாட்சி சொல்லிட்டாரு. தோத்த தூண்டில் அந்தா கிடக்கு. அதுக்குச் சொந்தம் கொண்டாட ஒருத்தரையும் காணோம்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"மாடக்கண்ணு, இனி உம் தோணியை எந்தக் கோடரியும் தொடாது. இது ஆணை. மீனைச் சமைக்க விறகைப் பிரதானியாரே பிளப்பார். பிளந்து முடித்ததும் அந்த மனுக்களையும் படிப்பார். உமக்குப் பரிசு, இந்தப் பெட்டி!"

பட்டுப் பெட்டியைக் கையில் வாங்கிய கிழவரின் முகம் சுருங்கியது. "இதை வெச்சு நான் என்ன செய்ய?"

அப்போதுதான் வணிகர் மெல்லச் சொன்னார். "அரசே, இதையும் பின்னால் போட்டிருந்தால் பிடித்திருக்கும்."

அரசர் விடுவாரா? மாடக்கண்ணுவைத் தோணியில் ஏற்றி, முரசில்லாமல், பொன்மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சோறு வேகும் நேரத்துக்குள் திரும்பிவிட்டார்கள். தோணியில் முந்தையதைவிடப் பெரிய சீலா கிடந்தது.

"இப்போது என்ன சொல்கிறீர்?" அரசர் மீசையை முறுக்கினார். "வாங்கியதும் பிடிக்கிறதே!"

மாடக்கண்ணு மீனைப் புரட்டினார். அதன் கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மாணிக்கக் கண்ணையும் பார்த்தார்.

"அந்த மீனுக்குப் பார்வை சரியில்லை, அரசே."

பெட்டியை மணலில் வைத்துவிட்டு, சால்வை நூலை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோணி ஓட்டையை அடைக்கப் பஞ்சு கிடைக்குமா என்று பார்த்தபடி கரையோரமாக நடந்தார். பின்னால் அரசர் சிரிப்பது வெகுதூரம் கேட்டது. கிழவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.